காதம்மாவின் பதினான்கு தீர்ப்புகள்

பொம்மைத் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவோர் நாலைந்து பேர் இருந்தார்கள். காதால் கேட்டு மதிப்பிட்டவள் ஒருத்திதான். அவளைக் காதம்மா என்று வாசகர்கள் அழைத்தார்கள்.

நுரைத்தோட்டா எய்யும் துப்பாக்கிகள் கடைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னரே அவற்றின் அறிவிப்பு வந்துவிடும். சரக்கு வராது. படமும் விவரத்தாளும் ஒரு நிமிடக் காணொளியும் மட்டும் வரும். தயாரிப்பாளர் தம் கூடத்தில் ஒருவரை நிறுத்தி, இழுபிடியைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, விசையை அழுத்தி ஆறு தோட்டாக்களை எய்யச் செய்து, இசையொன்றும் சேர்க்காத அந்தப் பதிவை மதிப்புரைக்காரர்களுக்கு அனுப்புவார். அதை வைத்துக்கொண்டு, கையால் தொடாத பொருளுக்கு நல்லது கெட்டது சொல்லியாக வேண்டும். விளையாட்டுப் பொருள் வணிகருக்கென்று வெளிவந்த மாத இதழில் ‘முன்பார்வை’ என்னும் அந்த இரண்டு பக்கத்தைத் தம்பி எழுதினான். எழுதினான் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. தீர்ப்புச் சொன்னவள் அக்கா.

அவள் இருபத்திரண்டு ஆண்டு ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலையில் தரம் பார்த்தவள். சுருளை இரு விரலிடை வைத்து அமுக்கி, காதோரம் கொண்டுபோய் விடுவாள். அது நிமிரும் ஓசையில் நல்லது ஒரு தட்டுக்கும் சோடை ஒரு தட்டுக்கும் போகும். அடுத்த கூடத்தில் தகடு வெட்டும் இயந்திரங்கள் இடியென இடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடியின் நடுவே ஊசிமுனையளவு ரீங்காரத்தைத் தனியே பொறுக்கியெடுக்கும் செவி அவளுக்கு வாய்த்திருந்தது. வாய்த்த வரம் எதுவென்று அறிந்தோருக்கு அதைத் திரும்பப் பறித்துக்கொள்ளும் இடம் எதுவென்று தெரிவதில்லை.

ஓய்வுபெற்றபின் அவள் தம்பி குடியிருந்த கட்டடத்திலேயே மேல்தளத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். தம்பி அதுவரை பொம்மைக் கடையில் விற்பனையாளனாக இருந்து, அப்போதுதான் எழுத்துக்கு வந்திருந்தான். ஒருநாள் அவன் ஏதோ ஒரு காணொளியை ஓடவிட்டிருக்க, கதவருகில் நின்றபடியே அவள், “டேய், அதுல பிஸ்டன் காத்து விடுது. பத்து அடி தாண்டாது பாரு” என்றாள். அவன் சிரித்தான். மூன்று மாதம் கழித்துச் சரக்கு வந்தபோது முதல் தோட்டா ஒன்பதாவது அடியில் தலைகுப்புற விழுந்தது. மறுமாதத்திலிருந்து அந்தப் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ‘காதம்மா சொல்கிறார்’ என்று ஒரு பகுதி வந்தது. தம்பியின் நாற்பது வரியை விட்டுவிட்டுக் கடைக்காரர்கள் அந்த நாலு வரியைப் படித்துச் சரக்குக்குச் சொன்னார்கள். அப்படியே ஒன்பது ஆண்டு ஓடிவிட்டது.

அன்று காலை பத்து மணிக்கு, வழக்கம்போலத் தன் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு அக்கா கீழே இறங்கி வந்தாள்.

“என்னடா வளவளா, எத்தனை வந்திருக்கு?”

“ஏழுக்கா. நாலு மணிக்குக் கத்தரி கேப்பாரு.”

கத்தரி என்பது இதழாசிரியருக்கு இவர்கள் இட்ட பெயர். தம்பியின் எட்டு வரியை அவர் மூன்றாக நறுக்கிவிடுவார்.

“அவரு வெட்டறது ஒண்ணும் பாவமில்ல. போன மாசம் ஒரு கைப்பிடிக்கு ஏழு வரி எழுதியிருந்த. கல்யாணப் பொண்ணைக்கூட எவனும் அப்படி வர்ணிக்க மாட்டான்.”

“அந்தக் கைப்பிடி அழகா இருந்துச்சுக்கா.”

“அதான் சொல்றேன். உனக்குக் கல்யாணப் பொண்ணுகிட்டயும் கைப்பிடிதான் தெரியும்.”

முன்பெல்லாம் அவள் திரைக்கு முதுகைக் காட்டி, சன்னலைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஓராண்டாகத்தான் முதுகுவலி என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தம்பிக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். திரை இருவருக்கும் பக்கவாட்டில் இருந்தது.

முதலாவது, தோட்டாக்களை அடுக்கும் சுழல்குடம் வைத்த பச்சைத் துப்பாக்கி. காணொளி முடிந்ததும் அக்கா கோப்பையை வைத்தாள். “ஸ்பிரிங் கெட்டி. எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கான். எட்டு வயசுப் புள்ள இழுத்தா அழுவும். பன்னெண்டுன்னு எழுது.”

தம்பியின் முகம் மலர்ந்தது. “நானும் அதேதான் நினைச்சேன்க்கா!”

“உனக்கும் காது முளைச்சிடுச்சு போல.”

இந்த ஓராண்டில் அவன் உள்ளூர மகிழ்ந்த செய்தி அது ஒன்றே. அவன் மனத்துக்குள் நினைப்பதை அக்கா வாயால் சொன்னாள். நல்லது என்று அவனுக்குத் தோன்றியது அவளுக்கும் நன்றாயிருந்தது. சோடை என்று அவன் ஐயுற்றதை அவளும் கழித்தாள். எட்டாண்டு அருகிருந்த பழக்கத்தில் அவள் செவி தனக்கும் தொற்றிக்கொண்டது என்று அவன் நம்பினான். மனைவியிடம் ஒருமுறை பெருமையாகச் சொல்லியும் இருந்தான்.

இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே தீர்ந்தன. கோப்பையை நிரப்பிக்கொள்ள அக்கா சமையலறைக்குப் போனாள். அந்த இடைவெளியில் தம்பி நான்காவதைத் திறந்தான். அது தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது.

அந்தப் பருவத்துக்கே நாயகமாய் அறிவிக்கப்பட்டிருந்த துப்பாக்கி அது. கடல்நீல உடல், நீண்ட குழல், தோளில் அணைக்கும் கட்டை. கடைக்காரர்கள் இதைப் பற்றித்தான் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காணொளியில் நின்றவர் இழுபிடியை இழுத்தார். அறையில் தனியே இருந்த தம்பியின் காதில் டிக் என்று ஓர் ஒலியும், அதை ஒட்டியே டிக் என்று இன்னோர் ஒலியும் விழுந்தன.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இழுபிடி கடைசி வரை வரும்போது உள்ளே ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல கொக்கி ஒரே ஒலியில் பிடிக்கும். பிடிமானம் இல்லாதது ஒருமுறை நழுவி மறுமுறை பற்றும். அப்படி அரைகுறையாகப் பற்றியது, விசையை எவரும் தொடாதபோதே விட்டுவிடவும் கூடும். இதெல்லாம் அக்கா அவனுக்குச் சொல்லித் தெரிந்ததுதான். இரட்டை ஒலியைக் கேட்டால் அவள் உதட்டைச் சுழித்து, “தூக்கிப் போடு” என்பாள். வேறு விசாரணை கிடையாது.

அவள் வந்து உட்கார்ந்தாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை அழகான பொருளை அவள் ஒரே சொல்லில் கவிழ்க்கப்போகும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தான். வரப்போகும் வேடிக்கையை நினைத்து அவன் முகத்தில் சிரிப்பு தானே வந்து உட்கார்ந்துகொண்டது. காணொளியை முதலிலிருந்து ஓடவிட்டான்.

இழுபிடி பின்னே வந்தது. டிக், டிக்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தலையை மெல்ல அசைத்தாள். “கொக்கி சுத்தம். ஸ்பிரிங்கும் நல்லா இருக்கு. பெட்டி பெட்டியா எடுக்கலாம்னு எழுது.”

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. விளையாடுகிறாள் என்று நினைத்தான். “இன்னொரு தடவை கேக்கறியாக்கா?”

“எதுக்கு? சுத்தம்னு சொன்னேனே.”

“சும்மா. அழகா இருக்குல்ல, இன்னொரு தடவை பாப்போம்.”

மறுபடியும் டிக், டிக். இம்முறை அறையே அதைச் சொல்வதுபோல் அவனுக்குக் கேட்டது. அக்கா கோப்பையின் விளிம்பை விரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவன் செய்தது எவரும் சொல்லிக்கொடுக்காத காரியம். ஐந்தாவது காணொளியைத் திறந்தான். கை மேசைக்கடியில் போவதுபோல் போய் விசைப்பலகையில் ஒலியை அடக்கியது. தன் கையே தனக்கு அயலாய்த் தெரிய, முகத்தில் மட்டும் பழைய சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

திரையில் ஒருவர் ஊமையாய் இழுத்தார், ஊமையாய் எய்தார். ஆறு தோட்டாக்களும் ஓசையின்றிப் போய்ச் சுவரில் ஒட்டின.

“இதுவும் தேவலாம்” என்றாள் அக்கா. “பிஸ்டன் சத்தம்தான் கொஞ்சம்…” என்று தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள்.

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவள் ஓராண்டாக அந்த முகத்தையன்றி வேறொன்றையும் படித்திராதவள். கடைக்கண்ணில் ஓடிய நிழலும் தாடையில் இறுகிய நரம்பும் அவளிடமிருந்து தப்புமா? அவள் பார்வை அவன் கண்ணிலிருந்து கைக்கு இறங்கியது. கையிலிருந்து விசைப்பலகைக்குப் போனது. அங்கே எரிந்துகொண்டிருந்த சிறு சிவப்பு விளக்கில் நின்றது.

“சத்தத்தை நிறுத்திட்டியா?”

அவன் கையால் அந்த விளக்கை மறைத்தான்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. நிறுத்திட்டுத்தான் போட்டியா?”

“ஆமாக்கா.”

அவள் கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கோபம் வந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அவள் கோப்பையை மேசையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினாள். விழுந்துவிடக் கூடாதே என்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நாலாவதுல என்ன இருந்துச்சு?”

“ரெட்டைச் சத்தம்.”

“தெளிவாவா?”

“ரொம்பத் தெளிவா.”

“ம்” என்றாள். கோப்பையை ஒருமுறை சுற்றிவிட்டு, “பேச்சு கேக்குதுடா. எதிர்ல உக்காந்து பேசினா ஒரு வார்த்தை விடாம விளங்குது. சன்னமான சத்தம்தான் போயிடுச்சு. கடிகாரம், சாவிக்கொத்து, சில்லறை கீழ விழறது… முதல்ல கடிகாரம் ரிப்பேர்னு நினைச்சேன். கடையில குடுத்தேன். அந்த ஆளு காதுல வெச்சுப் பாத்துட்டு, நல்லாத்தானம்மா ஓடுதுன்னான்” என்றாள்.

“டாக்டர்கிட்ட…”

“காட்டினேன். மெஷின் வெச்சா பேச்சு இன்னும் தெளிவாகும், போனது திரும்பாதுன்னாரு. தகடு வெட்டற மெஷின் பக்கத்துல எத்தனை வருஷம் நின்னீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக்கிட்டாரு. தொழிற்சாலைக்காரன் கூலி குடுத்தான், காதை எடுத்துக்கிட்டான். கணக்கு நேர்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். தம்பி சிரிக்கவில்லை.

“அப்ப இந்த ஒரு வருஷமா எப்படிக்கா சொன்ன?”

“உன்னைப் பாத்துத்தான். உன் மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு. பிடிச்சா புருவம் ஏறும். சந்தேகம் வந்தா கீழுதட்டைக் கடிப்ப. இழுக்கறவன் தோளைப் பாத்தா ஸ்பிரிங் எவ்வளவு கெட்டின்னு தெரியும், அதுக்குக் காது வேணாம். மத்ததெல்லாம் உன்கிட்ட இருந்துதான் எடுத்தேன். நீதான் பக்கத்துல உக்காந்து கேக்கறியே, ஒம்பது வருஷம் கேட்ட காது, தப்பாதுன்னு நினைச்சேன்.”

தம்பி ஐந்தாவதை மூடி, நான்காவதற்குத் திரும்பி, இழுபிடி பின்னே வந்த இடத்தில் நிறுத்தினான்.

“நான் கேக்கலக்கா” என்றான். குரல் அவனுக்கே எட்டவில்லை. அவள் அவன் உதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, மறுபடி சொன்னான். “நான் கேக்கவே இல்ல. கேக்கத்தான் நீ இருக்கியேன்னு, நான் பாட்டுக்கு நிறத்தையும் கைப்பிடியையும் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நீ உள்ள போயிருந்த. அதனாலதான் என் காதுல விழுந்துச்சு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். அவள் அவனைக் கேட்டாள். அவன் அவளைக் கேட்டான். துப்பாக்கியை எவரும் கேட்கவில்லை. தனக்கு முளைத்ததாக அவன் மகிழ்ந்த செவி, தன் விருப்பு வெறுப்பைத் தன்னிடமே திருப்பிச் சொன்ன குரலன்றி வேறில்லை.

“எத்தனைடா?” என்றாள் அக்கா.

“என்னது?”

“நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டதுல இருந்து எத்தனைக்குச் சுத்தம்னு சொல்லியிருக்கேன்?”

அவன் பழைய இதழ்களை எடுத்து வந்து பிரித்தான். அவனே ஐயுற்றுக் கழித்தவை போக, ‘கொக்கி சுத்தம், நம்பி வாங்கலாம்’ என்று கட்டத்துக்குள் அச்சேறியவை பதினான்கு. அவற்றில் பல இப்போது கடைகளில் இருந்தன. கடைகளிலிருந்து வீடுகளுக்கும் போயிருந்தன.

அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தன் பெயர் இருந்த கட்டங்களின் மீது உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தாள்.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்னைக் கீழ கூப்பிட மாட்டியே” என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “மாசத்துல ஒரு நாள்தான் ஒருத்தர் என்னை ஒண்ணு கேக்கறாங்க. அதை விட மனசு வரலடா. இந்த மாசம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம்னு… பதினாலு ஆயிடுச்சு.”

“சரி விடு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. புகார் எதுவும் வரல. நாலாவதுக்கு நான் கேட்டதை உன் பேர்ல போட்டுடறேன். இனிமே நானே கவனமா கேக்கறேன். நீ பக்கத்துல இரு. காதம்மா பேரு இருக்கட்டும்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“டேய்.” அவள் நிமிர்ந்தாள். “அரைகுறையா கொக்கி போட்டது சுடலைன்னு வை. புள்ளைங்க என்ன பண்ணும்? எங்க மாட்டிக்கிச்சுன்னு திருப்பிக் குழலுக்குள்ள கண்ணை வெச்சுப் பாக்கும். எல்லாப் புள்ளையும் அதைத்தான் பண்ணும். நீயும் பண்ணியிருக்க. அப்ப அது விட்டா? பக்கத்துல எந்த அம்மா இருப்பா? காதம்மா சொல்லியிருக்காங்க, பயமில்லைன்னு வாங்கிக் குடுத்தவதான் இருப்பா.”

அவன் இதழ்களை அடுக்கி ஒருபுறம் வைத்தான்.

“கத்தரிக்குப் போன் போடு. என் எதிர்லயே பேசு.”

அவன் பேசினான். அவள் அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆசிரியர் முதலில் நம்பவில்லை, பிறகு, “காதம்மா இல்லேன்னா அந்த ரெண்டு பக்கத்தை எவன்யா படிப்பான்?” என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர், உண்மையைச் சொன்னார். நான்கு மணிக்குள் ஓர் அறிவிப்பு எழுதி அனுப்பினால் முதல் பக்கத்திலேயே போடுவதாகவும், ‘முன்பார்வை’யைத் தொடர்வதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

“என்ன சொன்னாரு?”

“சரின்னுட்டாரு.”

“முழுசாச் சொல்லுடா. என்கிட்ட உன் மூஞ்சியை ஒளிக்க முடியாதுன்னு இப்பத்தானே தெரிஞ்சுது.”

அவன் முழுவதையும் சொன்னான். அவள் தலையாட்டினாள். “நிறுத்தினா நிறுத்தட்டும். நியாயம்தான். எழுது.”

அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டெழுதினான். ஸ்பிரிங் தொழிற்சாலையில் சரக்குச் சீட்டு எழுதிய பழக்கம் அவள் வாக்கியங்களில் இருந்தது. மிகை ஒன்றும் இல்லை. குறை ஒன்றும் இல்லை. ‘வயது காரணமாக’ என்று அவன் இடையே ஒன்றைச் செருகப் பார்த்தான். “வயசு என்ன பண்ணுச்சு? அதை எடு” என்றாள். ‘வருத்தத்துடன்’ என்று தொடங்கலாமா என்றான். “வருத்தம் நம்மகிட்ட இருக்கட்டும். கடைக்காரனுக்கு விவரம் போதும்” என்றாள். பதினான்கின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். பழைய இதழை அவள் பார்க்கவே இல்லை. கேளாதவற்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

முடிந்தபின் அவன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தான். அவள் எட்டிப் பார்த்தாள். எடு என்று சொல்லவில்லை.

எழுதியதை அனுப்புமுன் வாய்விட்டு ஒருமுறை படிப்பது அவர்கள் வழக்கம். கண் மன்னிப்பதைக் காது மன்னிக்காது என்று அதைத் தொடங்கிவைத்தவள் அவள்தான்.

“படி” என்றாள்.

அவன் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். குனிந்து படிக்கத் தொடங்கினான்.

“கடந்த ஓராண்டாக என் பெயரால் வெளிவந்த பதினான்கு மதிப்பீடுகளும் கேட்டுச் சொன்னவை அல்ல. எனக்கு நுண்ணிய ஒலிகள் கேட்பதில்லை. கீழ்க்கண்ட பதினான்கையும் கடைக்காரர்கள் கையில் எடுத்து, குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதியில் இழுத்துப் பார்க்க வேண்டும். இழுபிடி பின்னே வரும்போது இரண்டு ஒலி எழுந்தால் விற்க வேண்டாம். விற்றிருந்தால் திரும்பப் பெறவும். எழுதியவனாகிய நானும் அவற்றைக் கேட்கவில்லை…”

“டேய்” என்றாள் அக்கா.

அவன் நிறுத்தினான். குனிந்தபடியே இருந்தான். தாளின் மேல் ஓரிடம் நனைந்திருந்தது.

“தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் படிச்சா எனக்கு எப்படி விளங்கும்? பாதி வார்த்தை உன் மார்லயே விழுந்து போகுது. மூஞ்சியை நிமித்துடா.”

அந்த முகத்தை அவளுக்குக் காட்டாதிருக்க அவன் எதையும் கொடுத்திருப்பான். அவள் காத்திருந்தாள். திரையில் நீலத் துப்பாக்கி இழுத்த நிலையில் அப்படியே நின்றது.

அவன் நிமிர்ந்தான். கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. தாளைத் தாழப் பிடித்து, ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெளிவாய்த் தெரியும்படி, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினான்.